தஹிதியின் துக்கச் சடங்கும் ஐரோப்பியச் செதுக்கோவியங்களும்: கேள்வி பதில்

கேள்வி: பசிபிக் தீவான தஹிதிக்குச் சென்ற ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் பயண நூலிலுள்ள ஒரு படத்தில், கூரை வேய்ந்த மேடைமேல் பிணமும் அருகே முகம் மூடிய ஓர் உருவமும் உள்ளன. அவர் பூசாரியா, ஐயா?

பதில்: பூசாரியாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. துக்க ஊர்வலத்தை முன்னின்று நடத்துபவர் அவர். 1769இல் குக்கின் குழுவினர் பார்த்த சடங்கில் அவ்வேடத்தைப் பூண்டவர் துபுராய் தமைதே என்னும் தலைவர். நீங்கள் சொல்லும் படம் 1777இல் வெளிவந்தது. குக்கின் இரண்டாம் பயணத்தில் உடன் சென்ற ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் வரைந்ததை வில்லியம் வுல்லட் செப்புத்தகட்டில் செதுக்கினார்.

கேள்வி: அந்த விசித்திரமான உடை ஓவியரின் கற்பனையா?

பதில்: இல்லை. முத்துச்சிப்பியாலான முகமூடியும், நுண்ணிய சிப்பித் துண்டுகளைக் கோத்த மார்பு மறைப்பும், மரப்பட்டைத் துணியும் கொண்ட அத்தகைய உடைகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்திலும் இன்றும் உள்ளன. முதல் பயணத்தில் எதைக் கொடுத்தாலும் தர மறுத்த தஹிதி மக்கள், 1774இல் டோங்காவிலிருந்து வந்த சிவப்பு இறகுகளுக்காக அவற்றைத் தரச் சம்மதித்தனர்.

கேள்வி: அப்படியானால் படத்தை முழுவதும் நம்பலாமா?

பதில்: உடையைப் பொறுத்தவரை பெரிதும் நம்பலாம், சடங்கைப் பொறுத்தவரை நம்ப இயலாது. வுல்லட் தஹிதியைக் கண்டவரல்லர். இங்கிலாந்தின் நிலக்காட்சிச் செதுக்கலில் பெயர் பெற்றவர். அவர் கையில் அந்த இடம் மரநிழலும் அமைதியும் நிறைந்த பூங்காவாகிவிட்டது. உண்மையில், துக்கத் தலைவர் சுறாப்பற்கள் பதித்த கோலை ஏந்தி, சிப்பித் தாளங்களைத் தட்டிக்கொண்டு, உடலெங்கும் கரி பூசிய துணைவர்கள் சூழ வரும்போது, எதிர்ப்படுவோர் அனைவரும் அஞ்சி ஓடி ஒளிவார்கள். குக்கின் முதல் பயணத்தில் உடன் சென்ற இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் தாமே ஆடை களைந்து, கரி பூசிக்கொண்டு, 1769 ஜூனில் அந்தக் கூட்டத்தோடு ஓடி, ஊர் வெறிச்சோடியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பெண்கள் சுறாப்பல்லால் தலையைக் கீறிக் குருதி வடித்து அழுவதும் அப்பயணக் குறிப்புகளில் உண்டு. இந்த அச்சமோ குருதியோ படத்தில் துளியும் இல்லை. துக்கத் தலைவர் சிலைபோல் நிற்கிறார். என் பார்வையில், உடையைச் சரியாகக் காட்டியதே அந்தப் பிழையை மறைத்துவிட்டது.

கேள்வி: தீவைச் சேர்ந்தவர்கள் யாரேனும் இதை வரைந்தார்களா?

பதில்: தஹிதிக்கு அருகிலுள்ள ராயடேயா தீவைச் சேர்ந்த துபாயா வரைந்திருக்கிறார். அவருடைய நீர்வண்ண ஓவியம் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. பேங்க்ஸ் 1812இல் எழுதிய கடிதம் ஒன்று கண்டெடுக்கப்பட்ட 1997 வரை, அந்த ஓவியம் இடம்பெற்ற தொகுதியிலுள்ள படங்களை வரைந்தவர் இன்னாரெனத் தெரியாதிருந்தது. துபாயாவின் ஓவியத்தில் காடுமில்லை, வானுமில்லை. உடையின் உறுப்புகளே தெளிவாகத் தீட்டப்பட்டுள்ளன.

கேள்வி: பிணம் நெடுநாள் கெடாமல் இருந்ததாகச் சொல்கிறார்களே?

பதில்: உயர்குடியினருக்கு அவ்வாறு செய்தனர். குடலை நீக்கித் துணியை அடைத்து, தேங்காயெண்ணெய் தடவிப் பேணினர். 1777இல் குக் பார்த்த தலைவரொருவரின் உடல், நான்கு மாதங்களுக்குப் பின்னும் கெடாதிருந்தது. அப்பயணத்தின் ஓவியர் ஜான் வெபர் வரைந்த அதன் படம் 1784இல் அச்சேறியது.