எல்லாவற்றையும் எழுதி வைத்தும் தூக்கம் வரவில்லையா?

வாட்ஸ்அப்பில் நட்சத்திரமிட்ட செய்திகள், படிக்காததாக மாற்றி வைத்த மின்னஞ்சல்கள், இரண்டு பட்டியல் செயலிகள், அப்புறம் ஸ்கிரீன்ஷாட்கள். இத்தனை இருந்தும் ஏதோ விட்டுப்போனது போல நடுராத்திரியில் விழிப்பு வருகிறது, மூன்றாவதாக ஒரு செயலி சொல்லுங்கள் என்கிறீர்கள். வேண்டாம். இருப்பதில் ஒன்றை அழித்துவிடுங்கள்.

முடிக்காத வேலைதான் அதிகம் நினைவில் நிற்கிறது என்று உளவியலாளர் புளூமா ஜெய்கார்னிக் 1927இல் எழுதினார். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் கண்டது உங்களுக்கு இன்னும் பயன்படும்: வேலையை முடிக்காவிட்டாலும், எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்த நச்சரிப்பு குறைகிறது. உங்கள் பட்டியலில் அதுதான் இல்லை. 'வரி வேலை' என்று எழுதியிருக்கிறீர்கள், அது தலைப்பு. 'சனி காலை 10: வங்கிக் கணக்கு அறிக்கையைப் பதிவிறக்கு' என்று எழுதிப் பாருங்கள்.

நேரம் குறித்தது கேலண்டருக்கு, மற்றதெல்லாம் ஒரே பட்டியலுக்கு. வாட்ஸ்அப்பில் வரும் வேலையையும் அந்தப் பட்டியலுக்கே மாற்றி எழுதிவிடுங்கள். பிறகு பார்க்க வேண்டிய மின்னஞ்சலுக்கு ஜிமெயிலின் ஸ்னூஸ் போதும், குறித்த நாளில் தானே மேலே வரும். நினைவூட்டல் ஒலி கெடு உள்ளவற்றுக்கு மட்டும். எல்லாவற்றுக்கும் வைத்தால் பார்க்காமலே தள்ளிவிடுவோம்.

பழைய ஸ்கிரீன்ஷாட்களைத் தரம் பிரிக்க உட்காராதீர்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் அதில் தொலைத்தேன். உருப்படியாகத் தேறியது ஒரு கடவுச்சொல், அதுவும் பழையது!

சரி, இரண்டில் எந்தச் செயலியை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?