விரலை எடுத்தால் காலே போய்விடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, நீண்டநாள் சர்க்கரை. வலது காலில் இரண்டாவது விரல் கறுத்துவிட்டது, வலி இல்லை. விரலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். ‘ஒரு விரலில் கத்தி வைத்தால் கால் முழுக்கப் போய்விடும்’ என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. ரத்தம் சரியாகப் போகாத காலில் விரலை எடுத்தால் வெட்டிய இடம் ஆறாது. பாதம், முழங்கால் என்று மேலே ஏறும். அதனால் முதலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கணுக்காலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையில் அளந்த ரத்த அழுத்தத்தால் வகுத்து, 0.9க்குக் கீழ் வந்தால் கால் ரத்தக்குழாயில் அடைப்பு. சர்க்கரை நோயாளிகளின் ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். அதனால் கால்விரலின் ரத்த அழுத்தத்தையும் அளக்க வேண்டும், 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே என்றால் காயம் ஆறுவது கடினம். அடைப்பு இருந்தால் முதலில் காலில் ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் அடைப்பை விரிப்பது) அல்லது பைபாஸ் (அடைப்பைத் தாண்டி ரத்தத்துக்கு மாற்றுவழி), பிறகுதான் விரலை எடுப்பது.

விரல் காய்ந்து சுருங்கியிருந்தால்தான் இதற்கெல்லாம் அவகாசம் உண்டு. ஈரம், நாற்றம், பாதத்தில் சிவப்பு, வீக்கம், காய்ச்சல், திடீரென ஏறும் சர்க்கரை, இவற்றில் எது இருந்தாலும் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) உறை வழியாகச் சீழ் உள்ளங்காலுக்குப் பரவும். மேல்தோல் நன்றாக இருப்பதுபோல் தெரியும்போதே உள்ளே அழுகும். அப்போது உடனே சீழை வெளியேற்றிவிட்டு, தாமதிக்காமல் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்வார்கள். வலி இல்லை என்பதை நம்பவே நம்பாதீர்கள், நரம்பு மரத்த காலில் வலி தெரியாது.

எலும்பில் கிருமி ஏறியிருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரிய 2, 3 வாரம் ஆகலாம். விரலை எடுக்கும்போது, உள்ளே விட்டுவைக்கும் எலும்பின் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பச் சொல்லுங்கள். அதில் கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் 3 வாரம் வரை போகலாம். எலும்பை எடுக்காமல் மருந்தாலேயே சமாளிப்பதென்றால் சுமார் 6 வாரம்.

விரல் போனதும் உடல் எடை பக்கத்து விரலடிக்கு மாறும். அங்கே தோல் தடித்து, அடியில் அடுத்த புண் கிளம்பும். பாதத்தை அளந்து செய்த எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மென்மையான ரப்பர்) செருப்பை வீட்டுக்குள்ளும் போடட்டும்.

கேள்வி: மடங்கிப்போன கால்விரல் நுனியில் புண் திரும்பத் திரும்ப வருகிறதே?
- வாசகர், காரைக்குடி

பதில்: விரல் மடங்கியிருப்பதால் நுனி தரையில் அழுந்துகிறது. விரலைக் கையால் நிமிர்த்த முடிகிறது, ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிறது என்றால், மரத்துப்போகும் ஊசி போட்டு, விரலின் அடிப்பக்கம் சிறு துளை வழியே மடக்கும் தசைநாணை அறுத்துவிடுவார்கள். அன்றே வீடு திரும்பலாம். புண் எலும்புவரை போவதற்குள் செய்துகொள்ளுங்கள்.