புனேயிலிருந்து ரிசல்ட் வரும்வரை

நீலகிரி கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட் தொழிலாளி காய்ச்சலும் பிதற்றலுமாக விழுந்து, வௌவாலிலிருந்து பரவும் நிபா வைரஸாக இருக்குமோ என்று பரிசோதனை மாதிரி புனேக்குப் போயிருக்கிறது. முப்பது வருஷம் லேப் டெக்னீஷியனாகக் குப்பை கொட்டியவன் நான். கேளுங்கள். அவர் பேர், லைன் வீட்டு நம்பர், போட்டோ போட்டால் மட்டும் பதில் கிடையாது.

கேள்வி: குன்னூர்லயே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் இருக்கே சார், எதுக்குப் புனே?

பதில்: அது 1907லிருந்து இருக்கிறது, தடுப்பூசிக்குப் பேர்போன இடம். நிபாவை உறுதி செய்வது புனே தேசிய வைராலஜி நிறுவனம். டெஸ்ட் சில மணி நேரம்தான், வழிதான் நீளம். தொண்டையைத் துடைத்த குச்சியை இளஞ்சிவப்புத் திரவத்தில் முறித்துப் போட்டு, மூடியை இறுக்கி, டேப் சுற்றி, பஞ்சு வைத்து, கசியாத டப்பாவில் போட்டு, அதை ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை நான் இங்க் பேனாவில் எழுதிய லேபிள் ஐஸ் தண்ணீரில் கரைந்து, யார் மாதிரி என்றே தெரியாமல் திரும்பி வந்தது. மறுபடி எடுத்தோம், இரண்டு நாள் போச்சு. அன்றிலிருந்து பென்சில்தான்.

கேள்வி: ரிசல்ட் வந்துடுச்சா அண்ணே?

பதில்: இல்லை.

கேள்வி: நிபா இல்லேன்னா வேற என்னவா இருக்கும்?

பதில்: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நம் பக்கம் உண்ணிக் காய்ச்சல் இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது, முதுமலையை ஒட்டியவர்களுக்குக் குரங்குக் காய்ச்சல் பயமும் உண்டு. உண்ணிக் காய்ச்சலும் முற்றினால் பிதற்ற வைக்கும். அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வலிக்காது, அதனால் யாரும் சொல்ல மாட்டார்கள். நேரத்தோடு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் கேட்கும். டாக்டர்தான் கொடுக்க வேண்டும், மெடிக்கல் ஷாப் இல்லை.

கேள்வி: எங்க ஆலமரத்துல நூறு வௌவால் தொங்குது. பட்டாசு போட்டு விரட்டலாமா?

பதில்: கூடாது. மிரண்டு பசியோடு அலையும் வௌவாலின் எச்சிலிலும் மூத்திரத்திலும் வைரஸ் கூடுதலாக வெளிவரலாம் என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்வது. கடித்த கொய்யாவைத் தொடாதீர்கள், போதும்.

கேள்வி: வௌவாலுக்கு வக்காலத்தா? மனுஷ உயிர் பெருசில்லையா உங்களுக்கு?

பதில்: பெரிசுதான், அதனால்தான் சொல்கிறேன். 2018ல் கோழிக்கோடு பேராம்பிராவில் முதலில் ஒருவருக்கு நிபா வந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியில் ஒட்டியது. நோயாளியைக் கவனித்த நர்ஸ் லினி அப்படித்தான் இறந்துபோனார். 2001ல் மேற்கு வங்கத்துச் சிலிகுரி, அதுவும் டீத்தோட்ட ஊர், அங்கேயும் ஆஸ்பத்திரிதான். மரத்தை வெட்டுகிற ஆவேசத்தில் பாதியை, வார்டில் கும்பலாகப் போய் ஆரஞ்சு கொடுக்காமல் இருப்பதில் காட்டுங்கள்.

கேள்வி: அப்ப மரத்தை வெட்டவே கூடாதுங்கறீங்க?

பதில்: மேலே சொன்னதை மறுபடி படியுங்கள்.

கேள்வி: ரிசல்ட் என்ன ஆச்சு? நெகட்டிவ்னு சொல்றாங்களே?

பதில்: யார் சொன்னது? டீக்கடையா? வரவில்லை.

கேள்வி: நாடுகாணி வழியா கேரளா நிலம்பூர் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம். பயப்படணுமா?

பதில்: கல்யாணச் சாப்பாட்டில் வராது. நோயாளியோடு நெருங்கிப் பழகியிருந்தால் 21 நாள் காய்ச்சல் பாருங்கள்.

கேள்வி: வந்தா செத்துத்தான் போவாங்களா?

பதில்: பத்தில் நாலிலிருந்து ஏழு பேர் வரை போயிருக்கிறார்கள். 2019ல் எர்ணாகுளத்து மாணவர் பிழைத்து வீட்டுக்குப் போனார்.

கேள்வி: ரிசல்ட்...

பதில்: அடுத்தவர்.

கேள்வி: நான் அந்த எஸ்டேட்காரர் பக்கத்து வீடு சார். அவர் வீட்டாளுங்களை வெளிய வரக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க மாடு கத்துது, புல்லு யார் போடறது?

பதில்: நீங்கதாம்மா. புல்லுக்கட்டை வேலிக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டு போன் பண்ணுங்கள், அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கத்தரிக்காய் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.