ஜன்னல் வெளுக்கிறது, அறை இருட்டுகிறது (பிளெண்டர் சைக்கிள்ஸ்)

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டர் இன்ஜினில் படமாக்கும்போது ஜன்னல் வெளுத்துப்போய், ஹால் இருட்டும் புள்ளிகளுமாக வருகிறது என்றீர்கள். அதற்காக உள்ளே கூடுதல் லைட் வைக்காதீர்கள். சோபாவுக்கு அடியில் நிழலே இல்லாமல் பொம்மை வீடு மாதிரி ஆகிவிடும்.

முதலில் ஜன்னல் கண்ணாடியைப் பாருங்கள். அதற்கு வெறும் கிளாஸ் ஷேடர் (ஷேடர் என்பது பொருளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) என்றால் வெளிச்சம் நேராக உள்ளே வராது, புள்ளிகளும் பெரும்பாலும் அதனால்தான். லைட் பாத் நோடில் (கதிர் எந்த வகை என்று சொல்லும் நோடு) 'ஈஸ் ஷேடோ ரே'யை எடுத்து, நிழல் கதிருக்கு மட்டும் டிரான்ஸ்பரன்ட் ஷேடர் கொடுங்கள். ஜன்னல் அளவுக்கே ஓர் ஏரியா லைட்டை (தட்டையான பரப்பு விளக்கு) உள்பக்கம் பார்க்க வைத்து 'போர்ட்டல்' டிக் செய்யுங்கள். அது ஒளி தராது, வானத்து ஒளி வரும் வழியைக் காட்டும், அவ்வளவுதான்.

அப்புறம் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ரெண்டரின் ஒளி அளவைத் திரைக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு) 'ஸ்டாண்டர்ட்'டில் இருக்கிறதா? ஏஜிஎக்ஸுக்கு மாற்றி (4.0க்கு முந்தைய பதிப்பு என்றால் ஃபில்மிக்) எக்ஸ்போஷரை ஏற்றுங்கள். பிஎன்ஜி வேண்டாம், வெளிச்ச விவரங்களை முழுசாக வைத்திருக்கும் இஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமியுங்கள். ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் பிறகு எடிட்டிங்கில் குறைத்துக்கொள்ளலாம்.