கயிறு தாண்டினால் கர்ப்பப்பை இறங்குமா?

கேள்வி: மகளுக்கு 15 வயது. மாதவிடாயின் முதல் நாள் வலியில் சுருண்டு படுத்துவிடுகிறாள், வாந்தியும் உண்டு. ஸ்கேனில் ஒன்றுமில்லை, உடற்பயிற்சி செய்யட்டும் என்கிறார் டாக்டர். வயசுக்கு வந்த பெண் குதித்தால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். பெரியவளானதும் சைக்கிளை நிறுத்தி வேனுக்கு மாற்றியதும் அதனால்தான். யார் சொல்வதைக் கேட்பது? - ஒரு தாய், நாமக்கல்

பதில்: டாக்டர் சொல்வதைத்தான். மாமியாரின் பயத்துக்கும் காரணம் இருக்கிறது, அடுத்தடுத்துப் பிள்ளை பெற்று, உடம்பு தேறுமுன்பே பாரம் தூக்கப் போன பெண்களுக்குக் கர்ப்பப்பை இறங்கியதை அவர் பார்த்திருப்பார். கயிறு தாண்டும் 15 வயதுப் பெண்ணுக்கு அந்தக் கதை பொருந்தாது.

ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. உள்சவ்வு உதிரும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனம் கர்ப்பப்பையை ஈரத்துணி மாதிரி முறுக்கிப் பிழிகிறது, அதுதான் வலி. வாந்திக்கும் அதுவே காரணம்.

சரி, உடற்பயிற்சி. வாரம் 3 நாளாவது, 45 முதல் 60 நிமிடம் செய்தால் வலி நன்றாகக் குறையலாம் என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பு சொல்கிறது. ஆதாரம் அத்தனை வலுவானதல்ல என்றும் அதிலேயே இருக்கிறது, ஆனாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டமில்லை. யோகாவோ வேக நடையோ, எது பிடிக்கிறதோ அது. வலியில் துடிக்கிற அன்றைக்கு எழுப்பி ஓடச் சொல்லாதீர்கள், மற்ற நாட்களில் செய்வதுதான் கணக்கு. இப்போது அவள் நடப்பதெல்லாம் வாசலிலிருந்து வேன் வரைதான், அப்புறம் பெஞ்ச், டியூஷன், படுக்கை, நடுவில் வரும் பி.டி. பீரியடையும் கணக்கு டீச்சர் கேட்டு வாங்கியிருப்பார். சோம்பேறி என்று அவளைத் திட்டாதீர்கள், சைக்கிளை நிறுத்தியது நாம்தானே? காற்றடித்துக் கொடுங்கள்.

வலி தொடங்கியதுமே, சாப்பிட்ட பிறகு, டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுங்கள், தாங்க முடியாமல் போகும்வரை காத்திருக்க வேண்டாம். இதனால் பின்னாளில் பிள்ளை பிறக்காது என்பது கட்டுக்கதை. அடிவயிற்றில் சுடுதண்ணீர்ப் பையும் வைக்கலாம்.

மாத்திரைக்கும் வலி அடங்கவில்லை, மாதாமாதம் கூடுகிறது, மற்ற நாட்களிலும் வலிக்கிறது, உதிரம் 7 நாளைத் தாண்டுகிறது என்றால், ஸ்கேன் பார்த்தாயிற்றே என்று இருந்துவிடாமல் மகப்பேறு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு மாதிரியான திசு அதற்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் சில நேரம் ஸ்கேனில் தெரியாது.