மின் எலிப்பொறியில் கருவாடு மட்டும் காணாமல் போனால்

பொறி கெட்டுப்போகவில்லை, பெரும்பாலும் எலி உள்ளேயே வரவில்லை. பொறியின் விளக்கு எரிகிறது, உள்ளே வைத்த கருவாடு மட்டும் காலையில் காணோம் என்கிறீர்கள். எலியின் முன்காலும் பின்காலும் பொறிக்குள் இருக்கும் இரண்டு உலோகத் தகடுகளில் ஒரே நேரத்தில் பட்டால்தான் ஷாக் அடிக்கும். உங்கள் எலி வெளியே நின்றபடி, பின்பக்கக் காற்றுத் துளை வழியாக இரையை உருவிக்கொண்டு போகிறது என்று நினைக்கிறேன். கருவாடு நீளமாக இருப்பது அதற்கு ரொம்ப வசதி!

இன்று இரவு பொறிக்கு முன்னும் பின்னும் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவி வையுங்கள். காலையில் கால்தடம் பின்னால் இருந்தால், பொறியின் பின்பக்கம் சுவரில் ஒட்டும்படி வைத்து, கருவாட்டுக்குப் பதில் கடலை வெண்ணெயைப் பட்டாணி அளவு உள்சுவரில் தடவுங்கள். தகட்டில் படக்கூடாது.

தடம் பொறியின் முன்வாசலில் இருந்தால் கதை வேறு, எலி உள்ளே வந்தும் ஷாக் சரியாக அடிக்கவில்லை. ரீசார்ஜ் பேட்டரியா போட்டிருக்கிறீர்கள்? அது 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5. நான்கு போட்டால் 6க்குப் பதில் 4.8தான் கிடைக்கும். சில பொறிகளுக்கு அது போதாது, விளக்கு மட்டும் எரியும். தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கோ காய்ந்த சிறுநீரோ இருந்தாலும் இதே தொல்லைதான். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். குழாயடியில் காட்டிக் கழுவிவிடாதீர்கள்.

இன்னொன்று, தடம் பெரிதாக இருந்தால் அது பெருச்சாளியாக இருக்கலாம். சுண்டெலிக்கென்று விற்கிற சின்னப் பொறி அதற்கு உதவாது, கம்பிக்கூண்டுதான் சரி. செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரலாம்.