ஜப்பானில் இப்போது முப்பதுகளில் இருப்பவர்கள் உருகி உருகிக் கேட்கும் பேண்ட் பாடல்கள் எவை? ஏன் அவை?

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், பள்ளிக்கூடத்தில் படித்தபோது எம்டி என்கிற குட்டித் தட்டில் பதிந்து கேட்ட கிட்டார் பேண்டுகளைத்தான் இன்னும் கேட்கிறார்கள். பம்ப் ஆஃப் சிக்கன், ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன், எல்லேகார்டன், மொங்கோல் 800, ராட்விம்ப்ஸ், ஃபுஜிஃபாப்ரிக். ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும், இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனசு வராது.

நான் யோகோஹாமாவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன், வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கூட வேலை செய்பவர்களில் பாதிப் பேர் இந்த வயதுக்காரர்கள். வருடக் கடைசி விருந்து முடிந்ததும் அப்படியே கரோக்கிக்குப் போவது இங்கே வழக்கம். ஐந்தாறு பேர் நெருக்கி உட்காருகிற சின்ன அறை, டேப்லெட்டில் பாட்டைத் தேடி அழுத்தினால் திரையில் வரிகள் ஓடும். முதல் வருடம் போனபோது கணக்குப் பிரிவில் இருந்து ஒருவர் வந்திருந்தார், அப்போது அவருக்கு இருபத்தெட்டு, இப்போது முப்பத்தேழு. அலுவலகத்தில் காலை வணக்கம், போய் வருகிறேன் என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து நான் ஒரு சொல் கேட்டதில்லை. அவர் டையைத் தளர்த்திவிட்டு ஒரு பாட்டை அழுத்தினார். கிட்டார் ஆரம்பித்த இரண்டாவது நொடியில் 'ஓ' என்று மொத்த அறையும் எழுந்து நின்றுவிட்டது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினார்.

அதுதான் பம்ப் ஆஃப் சிக்கனின் 'தென்தாய் கன்சோகு'. 2001 மார்ச்சில் வந்தது. தலைப்புக்கு அர்த்தம் வானத்தை ஆராய்ந்து பார்ப்பது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவன் தொலைநோக்கியைத் தோளில் சுமந்துகொண்டு ரயில்வே கேட்டுக்குப் போகிறான், இடுப்பு பெல்ட்டில் ஒரு ரேடியோ கட்டியிருக்கிறது, மழை வராதாம். இரண்டு நிமிஷம் கழித்து அவன் காத்திருந்த ஆள் தேவைக்கு மேல் மூட்டை முடிச்சோடு வந்து சேருகிறது. இரண்டு பேரும் வால் நட்சத்திரம் தேடுகிறார்கள். கேட்க ஏதோ சின்னப் பிள்ளைக் கதை மாதிரி இருக்கும், ஆனால் போகப் போக அந்த வால் நட்சத்திரத்துக்குப் பாட்டே ஒரு பெயர் வைக்கிறது, 'இமா' என்று. இமா என்றால் இப்போது. கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கிற இந்த நொடியைத்தான் அவர்கள் துரத்தியிருக்கிறார்கள், அந்த ஆள் பிறகு பக்கத்தில் இல்லாமல் போன பின்னும் அவன் துரத்திக்கொண்டே இருக்கிறான். ஜப்பானிய மொழி ஓரளவு பிடிபட்ட பிறகு ஒரு நாள் ரயிலில் நின்றுகொண்டே கேட்கும்போது இந்த இடம் சட்டென்று புரிந்தது, இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டேன்.

எழுதிப் பாடிய ஃபுஜிவாரா மோதோவுக்கு அது வெளிவந்தபோது வயது 21. குழுவில் உள்ள நாலு பேரும் சிபா மாகாணத்து சாகுரா என்ற ஊரில் மழலையர் பள்ளியிலிருந்தே ஒன்றாக இருந்தவர்கள். இருபத்தொரு வயதில் ஒருவனுக்கு, போன காலத்தைத் திரும்பிப் பார்க்கிற இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். என் வரையில் 'ஏன் அவை' என்ற கேள்விக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து நல்ல பாட்டுகள் பலவும் இளைஞர்கள் எழுதியவை, ஆனால் எழுதும்போதே எதையோ இழந்துவிட்டு நிற்கிற தொனியில் எழுதியவை. பதினைந்து வயதில் கேட்டவனுக்குக் கிட்டார் பிடித்தது, முப்பத்தைந்தில் அதே ஆளுக்கு வரி பிடிபடுகிறது. அதனால்தான் விட முடியவில்லை.

எம்டி என்றேனே, அதைச் சொல்ல வேண்டும். மினி டிஸ்க், சோனி 1992-இல் கொண்டுவந்தது, உள்ளங்கையில் அடங்குகிற சதுர உறைக்குள் ஒரு குட்டித் தட்டு. ஜப்பானில் சிடியை வாடகைக்கு விடுவது சட்டப்படியே நடக்கிற வியாபாரம். ஒரு ஆல்பம் வாங்க மூவாயிரம் யென் ஆகும், வாடகைக்குச் சில நூறு யென் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிடியை எடுத்துவந்து எம்டி-யில் பதிந்துகொண்டு கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். என் டீமில் ஒரு பெண், 1988-இல் பிறந்தவர், தன் எம்டி-களை ஒரு நாள் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சின்னச் சீட்டில் மூன்று நிற பேனாவால் பாட்டுப் பெயர்கள், எழுத்து அவ்வளவு பொடி, ஒரு பெயர் அழிந்து கறையாக இருந்தது. எண்பது நிமிஷத்துக்குள் எந்தப் பாட்டு எதற்குப் பின்னால் வர வேண்டும் என்று வாரக்கணக்கில் யோசித்திருக்கிறார். அதில் ஒன்று ஒரு பையனுக்குக் கொடுக்கப் பதிந்தது, கொடுக்கவில்லை. 2025 பிப்ரவரியோடு பதிவு செய்யும் எம்டி தயாரிப்பை சோனி நிறுத்திவிட்டது, அந்தச் செய்தி வந்த அன்றைக்குத்தான் அவர் இதைக் கொண்டுவந்தார்.

அடுத்து மொங்கோல் 800. ஒகினாவாவில் பள்ளிக்கூடத்து நண்பர்கள் மூன்று பேர் ஆரம்பித்த குழு. 2001 செப்டம்பரில் 'மெசேஜ்' என்ற ஆல்பம், பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லாமல் வந்து ஜப்பான் முழுக்க முதலிடத்துக்குப் போனது, இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் உள்ள 'சீசானா கோய் நோ உதா', அதாவது சின்னக் காதல் பாட்டு, இந்த நாட்டில் கிட்டார் கற்றுக்கொள்கிற பிள்ளை எடுத்த எடுப்பில் வாசித்துப் பார்க்கிற பாட்டு என்றே சொல்லலாம். கிட்டாரில் பிடிக்க வேண்டிய கார்டுகள் (chords) சுலபம், மூன்று பேர் இருந்தால் போதும், மேல்நிலைப் பள்ளிகளின் இலையுதிர்கால விழாவில் உடற்பயிற்சிக் கூடத்து மேடையில் யாராவது இதை வாசிக்காமல் போகமாட்டார்கள். சாதாரணப் பிள்ளைகள் வாசிக்க முடிகிற பாட்டு என்பது பெரிய விஷயம், கேட்டதோடு நிற்காமல் விரலும் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

ஏசியன் குங்ஃபூ ஜெனரேஷன் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், பெயர் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். 'நருட்டோ' என்ற அனிமே (ஜப்பானிய கார்ட்டூன்) தொடரின் இரண்டாவது தொடக்கப் பாட்டு 'ஹாருகா கனதா' இவர்களுடையது. 2004-இல் 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்'டுக்கு வந்த 'ரீரைட்' இவர்களுடையது, அதே வருடம் வந்த 'சோல்ஃபா' ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பம் முழுவதையும் 2016-இல் மறுபடி வாசித்துப் பதிந்தார்கள், எனக்குப் பழையதுதான் பிடிக்கும், அதில் ஒரு அவசரம் இருக்கிறது. 2022-இல் 'பொச்சி த ராக்' அனிமே வந்தபோது, அதில் வரும் பெண்கள் பேண்டின் நாலு பேருக்கும் குடும்பப் பெயர் இந்தக் குழுவின் நாலு பேருடையதுதான், கடைசி அத்தியாயம் முடிகிற பாட்டும் இவர்களுடைய பாட்டைப் புதிதாகப் பாடியது. என் மேலதிகாரி அதை மகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார், இது அப்பா கேட்ட பாட்டு என்று சொல்லி நிரூபிக்க சிடியைத் தேடி எடுத்தாராம்.

இவர்களிடம் எனக்கு உயிர் 'சர்ஃப் புங்காகு கமாகுரா'. ஃபுஜிசாவாவிலிருந்து கமாகுரா வரை பத்துக் கிலோமீட்டர் ஓடுகிற எனோடென் என்ற குட்டி ரயிலின் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக வைத்து எழுதிய ஆல்பம், 2008-இல் பத்துப் பாட்டு, அப்புறம் 2023-இல் விட்டுப்போன ஸ்டேஷன்களையும் சேர்த்துப் பதினைந்து. யோகோஹாமாவிலிருந்து பக்கம் என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி அந்தந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறினேன். கொஷிகோயே பக்கம் ரயில் தெருவில் கார்களுக்கு நடுவிலேயே போகும், அதைத் தாண்டினால் திடீரென்று வலது பக்கம் முழுக்கக் கடல். பாட்டில் அந்த இடத்துக்கு வரும்போது நான் நின்றிருந்த நடைமேடையில் உப்புக்காற்றுக்குத் துரு ஏறிய ஒரு கம்பித் தூண், அதில் கையை வைத்துக்கொண்டே முழுப் பாட்டும் கேட்டேன்.

எல்லேகார்டன் பெயரைச் சொன்னால் இந்த வயதுக்காரர்களின் முகமே மாறும். பாதிக்கு மேல் ஆங்கிலத்தில் பாடுகிற, நேரடியான, வேகமான பேண்ட். 2006-இல் ஆல்பம் முதலிடம், உச்சத்தில் இருக்கும்போது 2008 செப்டம்பரில் நிறுத்திக்கொண்டார்கள். பத்து வருடம் சத்தமே இல்லை. 2018 ஆகஸ்டில் திரும்பி வந்தபோது சிபாவில் கடலோரம் இருக்கிற பேஸ்பால் மைதானத்திலும் ஒரு கச்சேரி, கூட வாசித்தது இவர்களைப் பார்த்து வளர்ந்த ஒன் ஓகே ராக் பேண்ட். மேலே சொன்ன கணக்குப் பிரிவு நண்பருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் மைதானத்துக்கு வெளியே மணலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், அவரைப் போல நிறையப் பேர் வந்திருந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் கூட பேண்ட் வைத்திருந்த டிரம்மரை, பத்து வருடமாகப் பேசாதவனை, அந்த மணலில் தற்செயலாகப் பார்த்ததாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை, 'சாலமாண்டர்' பாட்டு முடிந்ததும் அவன் போய் இரண்டு பீர் வாங்கி வந்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராட்விம்ப்ஸை 2016-இல் வந்த 'கிமி நோ நா வா' படத்தால் எல்லாருக்கும் தெரியும், ஆனால் முப்பத்தைந்து வயதுக்காரர்களைக் கேட்டால் 2006-இல் வந்த 'யூஷின்ரோன்' பாட்டு என்பார்கள். சாட்மாஞ்சி, தோகுஷிமாவிலிருந்து வந்த மூன்று பெண்கள், அதே 2006-இல் 'ஷாங்ரிலா' பாட்டு, 2018-இல் குழுவையே முடித்துக்கொண்டார்கள். அந்த எம்டி தோழி அன்றைக்கு முழுக்க ஹெட்போனைக் கழற்றவில்லை.

கடைசியாக வைத்திருக்கிறேன், ஆனால் எனக்கு முதலில் வருவது ஃபுஜிஃபாப்ரிக்கின் 'வகமோனோ நோ சுபேதே'தான். 2007 நவம்பரில் வந்தது. கோடையின் உச்சம் தாண்டிவிட்டது என்று டிவியில் வானிலை சொல்பவர் சொன்னதாக ஆரம்பிக்கும். இங்கே ஊருக்கு ஊர் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள், பேரிடர் அறிவிப்புக்காக. அது வேலை செய்கிறதா என்று பார்க்கவும் பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பவும் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் ஒரு மெட்டைப் போடுவார்கள். பாட்டில் வருபவன் அந்த ஐந்து மணி மெட்டு இன்றைக்கு என்னவோ நெஞ்சில் வந்து விழுகிறது என்கிறான். இந்த வருடத்துக் கடைசி வாணவேடிக்கை, அங்கே அவள் வந்திருப்பாளா, வந்திருக்கமாட்டாள், வந்தால் சொல்ல முடியுமா என்று தனக்குள் பேசிக்கொண்டே போகிறான். கடைசியில் பார்த்துவிடுகிறான் போலிருக்கிறது, என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. குரல் எங்கேயும் ஏறாது, பியானோ ஒரே நடையில் போய்க்கொண்டிருக்கும், நம் தொண்டைதான் அடைக்கும்.

பாடி எழுதிய ஷிமுரா மாசாஹிகோ 2009 டிசம்பர் 24 அன்று இறந்துபோனார், 29 வயது. மற்ற மூன்று பேரும் அவர் இல்லாமல் பதினைந்து வருடம் குழுவை நடத்தி, 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டார்கள். இந்தப் பாட்டு 2022-இலிருந்து மேல்நிலைப் பள்ளி இசைப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. இதைக் கேட்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இனி வகுப்பில் படிப்பார்கள்.

போன வருடம் ஆகஸ்ட் கடைசியில் ஷிமுராவின் ஊரான ஃபுஜியோஷிதாவுக்குப் போனேன். ஃபுஜி மலையடிவாரம். ஷிமோயோஷிதா ஸ்டேஷனில் இறங்கினால் மலையும் ஐந்தடுக்குக் கோபுரமும் ஒரே படத்தில் விழுகிற இடத்துக்கு நடந்து போகலாம் என்பதால் நடைமேடையில் நிற்க இடமில்லாத கூட்டம். அந்த ஸ்டேஷனில் ரயில் வருகிறது என்று அறிவிக்க ஒலிக்கிற மெட்டு இவர்களுடைய பாட்டு. அது ஒலித்தபோது எல்லாரும் மலைப் பக்கம் கேமராவைத் தூக்கியபடியே இருந்தார்கள். ஒரு பெண்மணி மட்டும், என் வயதுதான் இருக்கும், அலுவலகப் பை தோளில், கைப்பேசியை மேலே கூரையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்க்க உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயில் வந்து நின்றது, கதவு திறந்து மூடியது, அவர் ஏறவில்லை. நானும் ஏறவில்லை, அடுத்த வண்டிக்கு அது இன்னொரு முறை ஒலிக்கும்.